தூக்கிவிடும் அண்ணாச்சி

எங்கள் கல்லியில், இந்தக் குறுகல் சந்தில், அண்ணாச்சியைத் திட்டியவள் நான் ஒருத்திதான். அவர் போய்ச் சேர்ந்த பிறகு, கணபதி விழா நடத்துகிற மண்டல்காரர்கள் கல்லி முனையில் பேனர் கட்டினார்கள். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, கும்பிட்ட கை. கீழே ‘ஏழைகளின் தோழர்’ என்று தமிழில் எழுதி, அதையே ஹிந்தியிலும் போட்டிருந்தார்கள். எங்கள் தாராவிப் பையன்களில் பாதிப் பேருக்குத் தமிழ் பேசத்தான் வரும், வாசிக்க வராது. அந்தப் பேனரைப் பார்த்து அழாதவளும் நான் ஒருத்திதான். அதற்காக அம்மா என்னிடம் கொஞ்ச நாள் முகம் கொடுத்தே பேசவில்லை.

படத்தில் ஒரு பொய் இருந்தது. அண்ணாச்சியின் கைகள் அப்படிச் சேர்ந்து சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. எலும்பு பெருத்த நீளமான கைகள். தகர டப்பா கோடவுன் வைத்திருந்தார். பழைய எண்ணெய் டப்பாக்களை வாங்கி, கழுவி, ஒடுக்கெடுத்து விற்கிற தொழில். உள்ளங்கை முழுக்கத் தகரம் கிழித்த தழும்புகள். யாராவது பக்கத்தில் வந்தால் அந்தக் கைகள் தாமாகவே எழுந்து, வந்தவரின் முழங்கையைத் தேடிப் போகும். கிழவர், பிள்ளைத்தாச்சி, மூட்டை சுமப்பவர், யாரானாலும் சரி, பிடித்துத் தூக்கிவிட வேண்டும். “நாங்க எதுக்கு இருக்கோம்?” என்பார். அது கேள்வி இல்லை. பதிலுக்குக் காத்திருக்கவும் மாட்டார்.

ஒருநாள் கீரைக்காரி ஒருத்தி, கழுத்து வலி தாங்காமல் கூடையை எங்கள் வாசலில் இறக்கி வைத்தாள். இறக்கி ஒரு மூச்சுகூட விட்டிருக்க மாட்டாள். அண்ணாச்சி வந்தார், “என்னம்மா, தூக்கி விட ஆளில்லையா, நாங்க எதுக்கு இருக்கோம்?” என்று கூடையைத் தூக்கி அவள் தலையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். பாவம், அடுத்த கல்லிக்குப் போய் இறக்கி வைத்தாள்.

தாதர் ஸ்டேஷனில் கைக்குழந்தைக்காரி ஒருத்தியைக் கூட்டத்தில் வழி பண்ணி ரயிலில் ஏற்றிவிட்ட கதையை அவரே பெருமையாகச் சொல்வார். அந்தப் பெண் எங்களுக்குச் சொந்தம். அவள் இறங்க வேண்டியது சயான். அவர் ஏற்றிவிட்டது சயானில் நிற்காத ஃபாஸ்ட் வண்டி. அவள் ‘இது இல்லை, இது இல்லை’ என்று கத்தியிருக்கிறாள். பயப்படுகிறாள் என்று நினைத்து, இன்னும் பலமாகத் தள்ளியிருக்கிறார். காட்கோபர் வரை போய், பிள்ளையோடு திரும்பி வந்தாள்.

வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் அது அவர் காதில் வேறு எதுவாகவோ விழும். கிங்ஸ் சர்க்கிளில் பஸ்ஸிலிருந்து இறங்கிய மாட்டுங்கா மாமா ஒருவர், அவர் கையை உதறி, “நானே இறங்கிக்கறேன், விடுங்கோ” என்று கோபமாகவே சொன்னார். அன்று நானும் அம்மாவும் உடன் இருந்தோம். அண்ணாச்சி சிரித்தபடி எங்களிடம் திரும்பி, “படிச்சவாள்லா, கூச்சப்படுதாரு” என்றார். சொல்லிக்கொண்டே மாமாவின் மறு முழங்கையைப் பிடித்துவிட்டார்.

என் விஷயத்துக்கு வருகிறேன். எனக்குக் குழந்தையில் போலியோ வந்து இரண்டு காலும் போயிற்று. சின்னப் பிள்ளையில் அண்ணாச்சி என்னைத் தோளில் தூக்கிப் பள்ளிக்கூடம் கொண்டுபோனார் என்பது உண்மை. அதை விட்டுவிட்டு எழுதினால் அம்மா என்னைச் சும்மா விடமாட்டாள். எட்டு வயதில் அது எனக்குப் பிடித்தும் இருந்தது. முப்பத்தைந்து வயதிலும் அதே தோள் என்னைத் தேடி வந்தது என்பதுதான் என் வழக்கு.

பள்ளிக்கூடம் முடிந்த பிறகு நான் வீட்டை விட்டு வெளியே போனதை விரல் விட்டு எண்ணிவிடலாம். எங்கள் வீடு ஓர் அறை. பக்கத்து அறையில் தையல் மெஷின்கள், பின்பக்கம் தோல் வெட்டுகிற பட்டறை. நான் தரையில் உட்கார்ந்து சட்டைகளுக்குப் பிசிறு நூல் வெட்டுவேன். வீல்சேர் வந்த பிறகும் அதில் ஏறி எங்கே போவது? மெயின் ரோட்டு நடைபாதையில் பாதி கடை, பாதி பைக். நடுவில் மூடி இல்லாத சாக்கடை. ஷேர் ரிக்‌ஷாக்காரன் வீல்சேரைப் பார்த்ததும் வேகத்தைக் கூட்டுவான்.

அப்போதுதான் ஆற்றோரப் பாதை வந்தது. மித்தி ஆறு எங்கள் கல்லிக்குப் பின்னால்தான் ஓடுகிறது. ஆறு என்பது பெயருக்கு. சாக்கடை என்று சொன்னால் சாக்கடை கோபித்துக்கொள்ளும். அதன் கரையில் சுவர் கட்டி, சுவரை ஒட்டிக் கல் பாவி, கைப்பிடி வைத்து, குர்லா பக்கம் இருக்கிற பெரிய பெரிய ஆபீஸ் கட்டிடங்கள் வரை ஒரு நடைபாதை போட்டார்கள். ஒரு படி இல்லை, ஒரு பள்ளம் இல்லை. நுழைவாயிலில் பைக் வராமல் இருக்க வளைந்து நுழைகிற மாதிரி இரும்புக் குழாய்கள் நட்டிருந்தார்கள். பக்கத்திலேயே வீல்சேர் போக அளவெடுத்து ஒரு திறப்பும் விட்டிருந்தார்கள். யாரோ ஒரு புண்ணியவான் ஆபீசில் உட்கார்ந்து, முகம் தெரியாத என்னை நினைத்திருக்கிறான். அந்தத் திறப்பில் முதல் முறை நுழைந்தபோது இரண்டு பக்கமும் கை உரசாமல் வண்டி போயிற்று. நான் அழுதேன். நாற்றம் தாங்காமல் மூக்கைத் துடைக்கிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

பாதையின் மறுமுனையில் எனக்கு வேலை கிடைத்தது. ஐஸ்பெட்டி விற்கிற கம்பெனிக்குத் தமிழ்நாட்டிலிருந்து வருகிற புகார்களைப் போனில் கேட்டுப் பதிவு செய்கிற வேலை. குளிரவில்லை, தண்ணீர் ஒழுகுகிறது, கதவு மூடவில்லை என்று மதுரையும் கும்பகோணமும் என் காதில் வந்து அலுத்துக்கொள்ளும். காலையில் நானே போவேன். சாயங்காலம் நானே வருவேன். வழியில் நிற்க நினைத்தால் நிற்பேன். நின்று பார்க்க அங்கே ஒன்றும் இல்லை. கறுப்புத் தண்ணீர், அதில் மிதக்கிற தெர்மோகோல், சேற்றில் கொக்கு. இருந்தாலும் யாரிடமும் கேட்காமல் நிற்கிறது எனக்குப் புதிது. ஆகவே நின்றேன்.

இதற்குத்தான் அண்ணாச்சி பூட்டுப் போட்டார்.

அவர் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். வீல்சேர் நுழைகிற திறப்பில் பைக்கும் நுழையும். சாப்பாடு கொண்டுபோகிற பைக்காரர்கள் மெயின் ரோட்டு நெரிசலுக்குப் பயந்து வண்டியைப் பாதையில் விட்டார்கள். ஒருநாள் ஒரு பைக், இட்லி விற்கிற அக்காவைத் தள்ளிவிட்டது. பாத்திரம் கவிழ்ந்து சாம்பார் எல்லாம் கல்லில் ஓடியது. அக்காவுக்கு முழங்கை பெயர்ந்தது. அண்ணாச்சி கொதித்துப் போனார். திறப்பில் ஒரு பாறாங்கல்லைப் போட்டார். முனிசிபல் ஆபீஸ்காரர்கள் வந்து அப்புறப்படுத்தினார்கள். சிமெண்ட் ரொப்பிய டிரம் ஒன்றை வைத்தார். அதையும் எடுத்துவிட்டார்கள்.

அண்ணாச்சிக்கு ஒரு பழைய வித்தை தெரியும். எங்கள் கல்லிச் சுவரில் ஒன்றுக்குப் போகிறவர்களை அவர் அப்படித்தான் நிறுத்தினார். வரிசையாகச் சாமி டைல்ஸ் பதித்துவிட்டார். பிள்ளையார், வேளாங்கண்ணி மாதா, மெக்கா, சாய்பாபா. சண்டை சத்தம் எதுவும் இல்லாமல் சுவர் காய்ந்துவிட்டது. சாமிகளை வாட்ச்மேன் வேலைக்கு வைக்கத் தெரிந்தவர் அவர்.

ஒரு திங்கட்கிழமை காலை நான் போனபோது திறப்பில் பிள்ளையார் உட்கார்ந்திருந்தார். டைல்ஸ் இல்லை, கருங்கல் பிள்ளையார். ஊரில் சொல்லிச் செய்து ரயிலில் வந்தவர். அடியில் சிமெண்ட் மேடை, மேலே அருகம்புல் மாலை, கற்பூரம் எரிந்த கறுப்பு. முந்தின நாளே அய்யரை வைத்துப் பிரதிஷ்டை ஆகிவிட்டது. இனி எந்த ஆபீஸ்காரன் கை வைப்பான்?

அண்ணாச்சி அங்கே நின்றார். எனக்காகவே காத்திருந்திருக்கிறார். கூட மண்டல் ஆட்கள் இருவர்.

“அண்ணாச்சி, நான் எப்படிப் போக?”

“ஏ தாயி, உன்ன நெனைக்காம செய்வனா? ரெண்டு பேர நிப்பாட்டிருக்கேன். காலைலயும் நிப்பானுவ, சாயங்காலமும் நிப்பானுவ. உன்னயும் வண்டியையும் பூ மாதிரி தூக்கி குழாய்க்கு அங்ஙன வச்சிருவானுவ.”

“எனக்குத் தூக்க வேண்டாம். பிள்ளையாரக் கொஞ்சம் ஓரமா நகட்டி வைங்க.”

“வச்ச சாமிய நகட்டலாமாம்மா?” என்றார். முகத்தில் உண்மையான வருத்தம். “நீ ஒண்ணும் சங்கடப்படாத. கணபதியவே தலைக்கு மேல தூக்கிட்டுப் போறவனுவ. நீ என்ன பெரிய கனம்? நாங்க எதுக்கு இருக்கோம்?”

பேசி முடிப்பதற்குள் நான் ஆகாயத்தில் இருந்தேன்.

தூக்கப்பட்டவர்களுக்கு மட்டும் தெரிந்த சில விஷயங்கள் உண்டு. தூக்குகிறவர்கள் உங்கள் தலைக்கு மேல் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். ஒருவன் வாயில் குட்கா வாசனை வரும். ஒருவன் போனில் ஹிந்தியில் ‘ஹா, ஹா, ஆத்தா ஹூம்’, இதோ வருகிறேன், என்பான். துப்பட்டா எங்கேயோ மாட்டும், குர்த்தா ஏறும். நீங்கள் கண்ணை மூடிக்கொள்வீர்கள். இறக்கி வைத்ததும் முதல் காரியமாக, யாரையும் பார்க்காமல், துணியை இழுத்து விட்டுக்கொள்வீர்கள். அதன் பிறகு ‘தேங்க்ஸ்’ சொல்ல வேண்டும். தினமும் காலையும் மாலையும் நான் தேங்க்ஸ் சொன்னேன். சொல்லிச் சொல்லி எனக்கு அந்த வார்த்தையே குமட்டியது.

அந்த இருவரில் ஒருவனுடைய கை, போகக் கூடாத இடத்துக்குப் போயிற்று. ஒரு தடவை என்றால் தவறுதல் என்று விடலாம். நான் அண்ணாச்சியிடம் நேரே சொன்னேன். வெட்கத்தை விட்டு, எந்த இடம் என்றும் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“நம்ம பய அப்பிடிப்பட்டவன் இல்லம்மா. தூக்கும்போது கை அங்ஙன இங்ஙன படத்தான் செய்யும். நீ மனசுல வச்சிக்கிடாத.”

அன்றைக்குத்தான் அவரை வெறுக்க ஆரம்பித்தேன். அதுவரை எரிச்சல்தான் இருந்தது. அந்த ஆளை மாற்றி வேறொருவனை நிறுத்தினார் என்பதையும் சொல்ல வேண்டும். அதனால் என் வெறுப்பு குறையவில்லை. பிள்ளையாரை நகர்த்துவதைவிட என்னை நம்பாமல் இருப்பது அவருக்கு லேசாக இருந்தது.

அம்மாவிடம் சொன்னால், “அவுக இல்லாட்டா உன்ன யாரு தூக்குவா?” என்றாள். பைக் தள்ளிவிட்ட இட்லி அக்கா, கட்டுப் போட்ட கையோடு வந்து, “பிள்ளையார் வந்தப்புறந்தான் நிம்மதியா நடக்கோம். ஒனக்காவண்டி எல்லாரும் அடிபடணுமா?” என்றாள். ஊரே ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

முதலில் நேரத்துக்கு நின்ற ஆட்கள், மழைக்காலம் வந்ததும் நிற்கவில்லை. அவர்களுக்கும் பிழைப்பு இருக்கிறது. நான் பிள்ளையாருக்கு எதிரே மழையில் நனைந்துகொண்டு, போகிற வருகிறவர்கள் முகத்தைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன். அவரும் நனைவார், நானும் நனைவேன். தூக்கத் தெம்புள்ள இரண்டு பேர் ஒன்றாக வருகிறவரை எனக்கு வேலை இல்லை. ஆபீசில் தாமதம், தாமதம் என்று பெயராயிற்று. எங்கள் சூப்பர்வைசர் மேடம் நல்லவர். கோபிக்கவில்லை. தன் நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “நீங்க ஏன் இவ்வளவு சிரமப்படணும்? அடுத்த மாசத்துலேர்ந்து வீட்லயே இருந்து பாருங்க. லேப்டாப் தர்றோம்” என்றார்.

வீட்டிலேயே இருந்து. அந்த அறை, அந்தத் தரை, மெஷின் சத்தம், பின்னால் தோல் நாற்றம். இருபது வருடம் இருந்து பார்த்துவிட்டுத்தானே வெளியே வந்தேன். மேடம் முகத்திலும் அண்ணாச்சியின் அதே இரக்கம். சம்பளம் குறையாது, வேலை போகாது, நான் மட்டும் மறுபடியும் உள்ளே போய்விடுவேன். யோசிக்க ஒரு மாதம் கேட்டுக்கொண்டேன்.

அந்த மாதத்தில்தான் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ஒரு குருக்கள் வீட்டு அம்மாள் போன் பண்ணினார். ஐஸ்பெட்டி குளிரவில்லை. மெக்கானிக் எப்போது வரலாம் என்று கேட்டேன்.

“இந்த வாரம் வேண்டாம்மா. கோயில்ல திருப்பணி ஆரம்பிக்கறா, பாலாலயம் பண்றா. ஆத்துல யாரும் இருக்க மாட்டோம்.”

பாலாலயம் என்றால் என்ன என்று கேட்டேன். புகார் எடுப்பவர்கள் அப்படியெல்லாம் கேட்கக் கூடாது. அந்த அம்மாள் பொறுமையாகச் சொன்னார். கோயிலைப் புதுப்பிக்கும்போது சாமியை அப்படியே வைத்துக்கொண்டு இடித்துக் கட்ட முடியாது. பக்கத்தில் சின்னதாக ஓர் இடம் பண்ணி, பூஜை செய்து, சாமியை அங்கே எழுந்தருளச் செய்ய வேண்டும். வேலை முடிந்த பிறகு புது இடத்துக்கு.

“அப்போ வச்ச சாமிய நகத்தலாமா மாமி?”

“முறையாப் பண்ணினா பேஷா நகத்தலாம்மா. நல்ல இடத்துக்குத்தானே போறார்” என்றார். ஐஸ்பெட்டி புகாரை நான் பதிவு செய்தேனா என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்தான்.

மண்டலின் கூட்டம் அண்ணாச்சி வீட்டு முன்னறையில்தான் நடக்கும். கோடவுனுக்கு மேலே வீடு. ஏற ஓர் இரும்பு ஏணி. செங்குத்து ஏணி. வயதானவர்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏறுவார்கள். நான் போய் ஏணியடியில் நின்று கூப்பிட்டேன். ஜன்னலில் அண்ணாச்சியின் தலை தெரிந்தது.

“வாம்மா, வா. ஏல, ரெண்டு பேரு இறங்குங்க. பிள்ளையத் தூக்கிட்டு வாங்க.”

“நான் வரல அண்ணாச்சி. நீங்க எல்லாரும் கீழ வாங்க.”

“அட, என்னத்துக்குக் கூச்சம்?”

“கூச்சம் இல்ல. சாமி காரியம். கீழ வாங்க.”

சாமி காரியம் என்றதும் ஒவ்வொருவராக இறங்கினார்கள். ஆட்களை மேலிருந்து என் இடத்துக்கு வரவழைத்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. டப்பாக்கள் மேல் உட்கார்ந்துகொண்டார்கள். நான் என் பேச்சை ஆரம்பித்தேன்.

“பிள்ளையார் கூரையில்லாம மழைல நனையுதாரு. தெனமும் பாக்குதேன். நேத்து ஒரு நாய் வந்து மேடையில காலத் தூக்கிட்டுப் போயிருச்சு. நம்ம வீட்டுல ஒரு ஆள இப்பிடி நிப்பாட்டுவோமா?”

நாய் விஷயம் பொய்யில்லை, நானே விரட்டினேன்.

“கோயிலாக் கட்டணும் அண்ணாச்சி. அந்த இடத்துல தூண் வைக்க முடியாது, எட்டடி தள்ளி வாதாம் மரத்தடியில வைக்கலாம். கட்டி முடிக்கிற வரைக்கும் பாலாலயம் பண்ணி மரத்துக்கு அந்தப் பக்கம் வச்சிருவோம். முறைதான். குருக்கள் வீட்டுலயே கேட்டுட்டேன்.”

அண்ணாச்சியின் கண் கலங்கிவிட்டது. “இந்தப் பிள்ளைக்குத் தோணிருக்கு பாருங்கல. நமக்குத் தோணலயே” என்றார். எழுந்து வந்து என் தலையில் கை வைத்தார். நான் முகத்தை நல்லபிள்ளையாக வைத்துக்கொண்டேன். எனக்கு இதில் கொஞ்சமும் வெட்கம் இல்லை. நேராகக் கேட்டவளை யாரும் கேட்கவில்லை, சாமி பெயரில் கேட்டதும் காது திறந்தது. அந்தப் பாடத்தைச் சாமி டைல்ஸ் பதித்தவரிடமிருந்துதான் படித்தேன்.

பாலாலயம் நல்லபடியாக நடந்தது. மேளம் வைத்துப் பிள்ளையாரை மரத்தடிக்குக் கொண்டுபோனார்கள். காலியான மேடையை உடைத்து, அந்தச் செங்கலையே புதுக் கோயில் அஸ்திவாரத்தில் போட்டார்கள்.

மறுநாள் காலை நான் வேலைக்குப் போனபோது அண்ணாச்சி மரத்தடியில் செங்கல் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். வண்டி திறப்பில் நுழைகிறது. அவர் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். செங்கலைக் கீழே வைத்துவிட்டு வந்தார்.

“இதுக்குத்தானாம்மா?”

“ஆமா அண்ணாச்சி.”

“எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா?”

“கேட்டேன். கேக்கும்போதெல்லாம் தூக்குனீங்க.”

அவருக்கு அது விளங்கியதா என்று எனக்குத் தெரியாது. நான் சக்கரத்தைத் தள்ளினேன். பின்னால் கைப்பிடியில் கனம் விழுந்தது. வழக்கப்படி அவர் கை வந்துவிட்டது. “கைய எடுங்க” என்றேன். திரும்பிப் பார்க்கவில்லை. கனம் போயிற்று. கொஞ்ச தூரம் போய்த் திரும்பினேன். அவர் ஒரு கையைச் சட்டைப் பையில் வைத்தார், எடுத்தார், இரண்டையும் பின்னால் கட்டினார், மறுபடியும் அவிழ்த்தார். அந்தக் கைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

பைக்குகள் திரும்ப வந்தன. உண்மைதான். நான் நடுப்பாதையில் வண்டியை நிறுத்தி, தமிழிலும் ஹிந்தியிலும் வாய்க்கு வந்தபடி திட்டுவேன். இட்லி அக்காவும் என்னோடு சேர்ந்துகொள்வாள். அது எங்கள் சண்டை, நாங்களே போட்டுக்கொள்வோம். மேடத்திடம் லேப்டாப் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பிள்ளையார் புதுக் கோயிலிலேயே இருந்துவிட்டார். அந்தக் கோயிலுக்கும் அண்ணாச்சி மூன்று படி வைத்தார். அவரால் படி இல்லாமல் ஒன்றைக் கட்ட முடியாது. நான் கீழே நின்று கும்பிட்டுக்கொண்டேன்.

சில வருடம் போயிற்று. அண்ணாச்சிக்குச் சர்க்கரை. கால் விரலில் தகரம் கீறியது ஆறாமல், கடைசியில் கணுக்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வலி மாத்திரை மயக்கத்திலேயே மேலே ஏற்றிப் படுக்க வைத்தார்கள். மயக்கம் தெளிந்த பிறகு அவர் அந்த ஏணியில் இறங்கவே இல்லை. கட்டு மாற்றப் போக வேண்டும். மாட்டேன் என்றார். செம்பூரில் அவர் மகள் வீட்டில் லிஃப்ட் இருக்கிறது, கூட்டிப்போக வந்தாள். மாட்டேன் என்றார். “எவனும் என்னயத் தூக்கப்படாது” என்று ஒரே பிடி. புண் நாற ஆரம்பித்தது. மகள் அழுதுகொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். அம்மா என்னிடம், “நீ போய்ச் சொல்லு. நீ சொன்னாக் கேப்பாக” என்றாள்.

நான் நல்ல எண்ணத்தோடு போகவில்லை. பார்க்க வேண்டும் என்று போனேன்.

ஏணியடியில் நின்று கூப்பிட்டேன். மகள் அவரை ஜன்னலோரம் சாய்த்து உட்கார வைத்தாள். முகம் பாதியாகிவிட்டிருந்தது.

“மேல வாயேம்மா” என்றார் பழக்கத்தில். தூக்க ஆட்களைக் கூப்பிடவில்லை.

“ஏன் அண்ணாச்சி இறங்க மாட்டேங்கீங்க?”

“கல்லியே நின்னு பாக்கும். மூட்ட மாதிரி எறக்குவானுவ. வேட்டி நிக்காதும்மா.”

வருடக்கணக்காக நான் காத்திருந்த இடம் அது. அவர் மகள் ஜன்னலில் நிற்கிறாள் என்றுகூடப் பார்க்கவில்லை.

“நாங்க எதுக்கு இருக்கோம்?” என்றேன்.

குத்திக் காட்டத்தான் சொன்னேன். கோபிப்பார் என்று எதிர்பார்த்தேன். “சரி, வரச் சொல்லு” என்றார்.

நாலு பேர் வந்தார்கள், அவருடைய மண்டல் ஆட்கள்தான். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, இடுப்பைக் கயிற்றால் கட்டி, பின்பக்கமாக ஏணியில் இறக்கினார்கள். “பாத்துல”, “ஒம் பக்கம் தாழுது”, “சாயாதீங்க அண்ணாச்சி” என்று அவர் தலைக்கு மேல் சத்தம். ஒருவன் போன் அடித்தது, பல்லால் உதட்டைக் கடித்துக்கொண்டு எடுக்காமல் விட்டுவிட்டான். கல்லி முழுக்க நின்று பார்த்தது. அண்ணாச்சி கண்ணை இறுக மூடியிருந்தார்.

நாற்காலியைக் கல்லியில் வைத்தார்கள். டாக்ஸியை எந்தப் பக்கம் கொண்டுவருவது என்று அவர்கள் சண்டை போட ஆரம்பித்தார்கள். அவர் கண்ணைத் திறந்து, யாரையும் பார்க்காமல், குனிந்து வேட்டியை இழுத்தார். கட்டுப் போட்ட கால் வெளியே தெரிந்தது. வேட்டி கயிற்றுக்கடியில் சிக்கிக்கொண்டு வரவில்லை. மறுபடியும் இழுத்தார். அந்த இழுப்பு எனக்குத் தெரியும்.

மகள் ஓடி வந்து குனிந்தாள். நான் அவள் கையைப் பிடித்துத் தடுத்தேன். ஆட்களை அந்தப் பக்கம் திரும்பச் சொன்னேன். வண்டியை அவர் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன்.

“ஓரத்துல சிக்கிருக்கு அண்ணாச்சி. நான் எடுத்து விடட்டா?”

அவர் நிமிர்ந்தார். என்னிடம் இப்படி ஒரு கேள்வியை அவர் கேட்டதே இல்லை. அது அந்த நேரத்தில் அவருக்கும் நினைவு வந்திருக்க வேண்டும்.

“வேண்டாம்மா” என்றார். “நானே எடுக்கேன்.”

தழும்பு விழுந்த அந்த விரல்கள் கயிற்றைத் தளர்த்தத் தெரியாமல் முடிச்சிலேயே சுற்றிச் சுற்றி வந்தன. ரொம்ப நேரம் ஆயிற்று. கல்லி முனையில் டாக்ஸிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். நான் யாரையும் கிட்டே விடவில்லை.